தூக்கத்தில் தடைபடும் மூச்சும் மூக்குக் கருவிகளும்: ஓர் அம்பாசமுத்திர அனுபவம்

மூக்கின் மேல் ஒட்டும் பட்டை, துவாரத்துக்குள் செருகும் சிலிக்கான் கூம்பு, மூக்கோடு பொருத்திக் கட்டும் காற்று மாஸ்க் ஆகிய மூன்றையும் பயன்படுத்தியவள் என்பதால், குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்கள் அம்பாசமுத்திரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், இதுல எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொல்லிவந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். மருத்துவரிடம் போவதற்குப் பதிலாக அல்ல, போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக இதைப் படிக்க வேண்டுகிறேன்.

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் தடை எங்கே நேர்கிறது என்பது தெளிவாக வேண்டும். ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயின் பொதுவான வகையில், மூச்சு நிற்கும் இடம் தொண்டை. மூக்குக்கு எலும்பும் குருத்தெலும்பும் தாங்கலாக உள்ளன. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழலுக்கும் குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. இவற்றுக்கு இடையே உள்ள தொண்டைப் பகுதியைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் தசை மட்டுமே. உறக்கத்தில் அந்தத் தசை தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் மேல்வாயின் மென்மையான பின்பகுதியான மென்னண்ணமும் பின்னால் சரிந்து வழியை அடைக்கின்றன. பத்து நொடியோ அதற்கு மேலோ காற்றோட்டம் நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை ஒரு கணம் விழித்துத் தசையை இறுக்க, பெரிய இழுப்போடு மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்கு இது எதுவும் நினைவில் நிற்பதில்லை.

அப்படியானால் மூக்குக்கு இதில் என்ன பங்கு? நனைந்து தளர்ந்த காகிதக் குழாயால் இளநீர் உறிஞ்சும்போது நுனியில் வழுக்கை அடைத்துக்கொண்டால், நாம் பலமாக உறிஞ்ச உறிஞ்சக் குழாயின் நடுப்பகுதி உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது. நுனியைச் சுத்தம் செய்தால் உறிஞ்சுவது எளிதாகும். ஆனால் நடுப்பகுதியின் தளர்ச்சி தளர்ச்சியாகவே இருக்கும். மூக்கு அந்த நுனி, தொண்டை அந்த நடுப்பகுதி. மூக்கடைப்பு இருப்பவர் பலமாக இழுக்கிறார், அந்த இழுப்பு தொண்டையை மேலும் உள்ளே இழுக்கிறது. மூக்கால் முடியாமல் வாயைத் திறக்கிறார், தாடை இறங்கும்போது நாக்கு இன்னும் பின்னால் போகிறது. ஆகவே மூக்கைத் திறப்பது பயனுள்ள வேலைதான், ஆனால் நோய் அதனால் மட்டும் தீர்ந்துவிடாது.

என் விஷயத்தில் நோயைக் கண்டுபிடித்தது என் மதினி. சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். விடிந்ததும் மதினி என்னைத் தனியே அழைத்து, "ஏம்மா, ராத்திரி நீ மூச்சே விடலம்மா. மூக்குகிட்ட கையை வச்சுப் பாத்தேன். கொஞ்ச நேரங்கழிச்சுத் தூக்கிவாரிப் போட்டாப்ல ஒரு இழுப்பு இழுத்த. அப்புறம் எனக்கு உறக்கமே வரல" என்றார்கள். அதற்கு முந்தைய சில ஆண்டுகளாகக் காலையில் தலைவலியோடு எழுவதும், இரவில் அடிக்கடி சிறுநீருக்கு விழிப்பதும், மூன்றாவது பாடவேளையில் கண் சொருகுவதும் எனக்கு இருந்தன. மாதவிடாய் நிற்கும் வயது, இரத்தசோகை, வேலைச் சுமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த நோய் கூடுகிறது என்பதும், அது உரத்த குறட்டையாக அல்லாமல் உறக்கமின்மையாகவும் சோர்வாகவும் வெளிப்படலாம் என்பதும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள். உறக்கம் வரவில்லை என்று சொல்லும் பெண்ணுக்கு உறக்க மாத்திரை கொடுத்து அனுப்புவது எளிது. மூச்சுத் தடை இருப்பவருக்கு அந்த மாத்திரைகளில் பல தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும். எனவே மாத்திரைக்கு முன் குறட்டை உண்டா என்று வீட்டாரிடம் கேட்கும் மருத்துவரைத் தேடிப் போங்கள். செல்போனை இரவில் தலைமாட்டில் வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போனால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடும்.

சோதனை இல்லாமல் எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தனியார் மருத்துவமனைகளிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரையும் நெஞ்சக நோய் மருத்துவரையும் பார்த்துத் தூக்கச் சோதனை பற்றிக் கேட்கலாம். மூளை அலை வரை பதிவு செய்யும் முழுச் சோதனை ஒரு வகை. மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் அளவி ஆகியவற்றோடு வீட்டிலேயே படுத்து எடுப்பது இன்னொரு வகை. முடிவில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் வரும். ஒரு மணி நேர உறக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்பதே அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எனக்கு 26 வந்தது. இந்த எண் கையில் இல்லாமல் மூக்கில் பட்டை ஒட்டியவருக்குக் குறட்டைச் சத்தம் குறைந்துவிட்டால், நோயும் குறைந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

பட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகமாக விற்பதும் அதிகமாக நம்பப்படுவதும் அதுதான். மூக்கின் நடுச்சுவரான தண்டின் வளைவாலும் ஒவ்வாமையாலும் இரவில் மூச்சு விடச் சிரமப்பட்ட ப்ரூஸ் ஜான்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பொருள் இது; 1993இல் அந்நாட்டு அரசின் அனுமதி பெற்றது. துணிப் பட்டைக்குள் நிமிர முயலும் இரண்டு நெகிழிக் கீற்றுகள் இருக்கின்றன. மூக்கின் குறுக்கே வளைத்து ஒட்டும்போது அவை நிமிரப் பார்த்து இரு பக்கச் சுவர்களையும் வெளிப்புறமாக இழுக்கின்றன. மூச்சுப் பாதை முழுவதிலும் மிகக் குறுகலான இடம் நாசித் துவாரத்துக்குச் சற்று உள்ளே உள்ள மடிப்புதான். அங்கே சிறிதளவு அகலம் கூடினாலும் காற்றோட்டம் நன்றாகக் கூடும். உங்களுக்கு இது உதவுமா என்று ஒட்டாமலேயே பார்க்க ஒரு வழி உண்டு. மூக்கின் அருகே கன்னத்தில் விரலை வைத்து மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு மூச்சை இழுங்கள். அப்போது காற்று எளிதாகப் போனால் அந்த மடிப்பில் நெருக்கம் இருக்கிறது, பட்டை உதவக்கூடும். வேறுபாடே தெரியாவிட்டால் அடைப்பு இன்னும் உள்ளே, தண்டிலோ சதையிலோ இருக்கலாம்.

ஒட்டும் இடம் முக்கியம். மூக்கின் எலும்பு முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் இடத்தில், நாசி விரிவுக்குச் சற்று மேலே ஒட்ட வேண்டும். எலும்பின் மேல் ஒட்டினால் ஒரு பயனும் இல்லை. முகத்தில் தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ கிரீமோ இருந்தால் நடு இரவில் பட்டை கழன்று தலையணையில் கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, முகம் உலர்ந்த பிறகு ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வேர்வையில் இதுவும் போதாது. மின்விசிறிக்கு நேரே படுத்தால் ஓரளவு நிற்கும். காலையில் வெந்நீரில் நனைத்து இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி உரிக்க வேண்டும், வெடுக்கென்று பிய்த்தால் தோல் சிவந்து புண்ணாகும்.

நம் பெண்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் மூக்குத்தி. பட்டையின் முனை மூக்குத்தியின் மேல் விழுந்தால் ஒட்டாது. உள்ளே வைக்கும் கூம்போ, மூக்கடியில் பொருந்தும் மாஸ்கோ என்றால் திருகாணி குத்தி, சில நாளில் உட்சுவர் புண்ணாகிவிடும். என் அத்தை, "மூக்குத்திய மட்டும் கழத்தி வச்சிராத தாயி" என்று முதலில் வருந்தினார்கள். அவர்கள் மனம் நோகாமலும் காரியம் நடக்கவும், திருகாணி இல்லாமல் உட்புறம் தட்டையாக இருக்கும்படி ஆசாரியிடம் சொல்லி ஒரு சிறிய மூக்குத்தி செய்து வாங்கினோம். பகலில் பழையது, இரவில் அது. இரு பக்கமும் மூக்குத்தி அணியும் பெரியவர்களுக்குக் கருவி வாங்கும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பட்டை எனக்கு நல்லதையே செய்தது. வாய் உலர்ந்து விழிப்பது குறைந்தது, குறட்டை இறங்கியதாகக் கணவர் சொன்னார். ஆனால் பட்டையோடு படுத்து மறுபடி எடுத்த சோதனையில் ஏ.எச்.ஐ. 24 என்று வந்தது. ஓர் இரவுக்கும் மற்றோர் இரவுக்கும் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கத்தில் அடங்கிவிடும் வேறுபாடு அது என்று மருத்துவர் விளக்கினார். மூக்கை விரிக்கும் கருவிகளைப் பற்றிய ஆய்வுகளின் பொதுவான முடிவும் இதுவே: மூக்கின் நெருக்கம் குறைகிறது, சிலருக்குக் குறட்டையும் குறைகிறது, தொண்டைத் தடையின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறைவதில்லை. உள்ளே செருகும் சிலிக்கான் கூம்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவை கழுவித் திரும்பப் பயன்படுத்தத் தக்கவை, வேர்வையில் கழலாதவை. அளவு பொருந்தாவிட்டால் வலிக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு கருவி உண்டு. இரு துவாரங்களையும் மூடி ஒட்டப்படும் சிறு வால்வு அது. மூச்சை இழுக்கும்போது தாராளமாகத் திறக்கும், விடும்போது நெருக்கும். அந்த எதிர்ப்பால் உண்டாகும் அழுத்தம் தொண்டையை விரித்து வைக்கிறது. இவ்வகை வால்வு ஒன்று 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் அதை ஒட்டியவர்களுக்குத் தடைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் மெஷினுக்குப் பழகியவர்களை அதிலிருந்து இதற்கு மாற்றிப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், இது ஒப்பிடுவதற்காகக் கொடுத்த போலிக் கருவியைக் காட்டிலும் மேலாக வேலை செய்யவில்லை. மூக்கு அடைத்திருப்பவருக்கு இது ஒத்துவராது. கடுமையான இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதை நான் பயன்படுத்தவில்லை.

எனக்கு நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தது சிபாப் (CPAP) என்னும் அந்தக் காற்று மெஷின்தான். அதுவும் பிறப்பால் ஒரு மூக்குக் கருவியே. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மாஸ்க் வழியாக மூக்கில் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்தால் தொண்டை மூடாமல் நிற்கும் என்று ஐந்து நோயாளிகளிடம் கண்டு 1981இல் வெளியிட்டார். இன்றைய மெஷின்களில் பலவும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை கொடுக்கக்கூடியவை. நமக்கு எவ்வளவு தேவை என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார். சில பத்தாயிரம் ரூபாய் செலவாகும் என்பதால், முடிந்தால் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பழைய மெஷினை மலிவாக வாங்குபவர்கள், உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைவதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் திரும்பப் பெற்ற வகைகளில் அது ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெஷினை வாங்கிவிட்டு அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களோடு பேசிப் பார்த்ததில், பலருடைய சிரமத்துக்கும் வேர் மூக்கடைப்பில் இருந்தது. அடைத்த மூக்கில் காற்றைச் செலுத்தினால் அது முகத்தில் மோதித் திணறுவது போலத்தான் தோன்றும். உடனே வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கைக் கொடுக்கிறார்கள். சிலருக்கு அது தேவைதான். ஆனால் பெரும்பாலோருக்கு மூக்கு மாஸ்க்கோ, துவாரத்தடியில் அமரும் சிறிய மெத்தை மாஸ்க்கோ போதும் என்பதோடு, காற்றுக் கசிவும் தேவைப்படும் அழுத்தமும் அவற்றில் குறைவாக இருக்கும். 2019இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் மூக்கு வழி மாஸ்க்குகளுக்கே முதலிடம் தருகிறது. ஆகையால் மூக்கைச் சீராக்குவதுதான் மெஷின் வைத்திருப்பவருக்கு முதல் வேலை. மூக்குக் கருவிகளுக்கும் உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

எங்கள் பகுதியில் மூக்கடைப்புக்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. ஆனி, ஆடியில் மலை இடைவெளிகளின் வழியே வீசும் காற்று புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. அறுவடைக் காலத்தில் களத்துத் தூசியும் அரிசி ஆலைத் தவிட்டுத் தூசியும் சேர்ந்துகொள்கின்றன. பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூள் ஆண்டு முழுவதும் உண்டு. படுக்கும்போது மூக்கின் சதை இயல்பாகவே சற்று வீங்கும். இடது வலது துவாரங்கள் சில மணிக்கொரு முறை மாறி மாறி அடைத்துத் திறப்பதும் இயல்பு, நம்மூரில் சரம் பார்க்கும் பெரியவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி அது. இந்த இயல்பான மாற்றத்தை நோய் என்று எண்ணி மருந்து விட்டுக்கொள்ளத் தேவையில்லை. இலவம்பஞ்சுத் தலையணையும் மெத்தையும் தூசிப்பூச்சிக்கு இருப்பிடமாகும். உறைகளை வாரந்தோறும் நல்ல வெந்நீரில் துவைப்பது எனக்குப் பெரிய மாற்றத்தைத் தந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதில் வந்தது. ஆனால் இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்று நீர், ஆற்று நீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொன்னால் மனம் ஒப்ப மறுக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்லேரியா என்னும் அமீபா, குடித்தால் தீங்கு செய்வதில்லை. மூக்கின் வழியே போனால் மூளையைத் தாக்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிர்கள் போயின. ஆகவே தண்ணீரைத் தளதளவென்று குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, வெதுவெதுப்பானதும் அதில் மெடிக்கலில் கிடைக்கும் மூக்குக் கழுவும் உப்புப் பொட்டலத்தைக் கரைத்துப் பயன்படுத்துகிறேன். குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே மேல் துவாரத்தில் ஊற்றினால் கீழ்த் துவாரம் வழியாக வரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மீதி நீர் மாஸ்க்குக்குள் வழியும்.

மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து வேறு விஷயம். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்ற பெயர் மருந்துப் புட்டியில் இருந்தால், சளிப் பிடித்திருக்கும் சில நாள் மட்டும் பயன்படுத்திவிட்டு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து விட்டால் மருந்து அடங்கியதும் மூக்கு முன்னிலும் மோசமாக அடைத்துக்கொள்ளும், அதைத் திறக்க மறுபடி அதையே தேட வேண்டியிருக்கும். ஒவ்வாமைக்காக மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே இதற்கு நேர்மாறானது. உடனே திறக்காது, ஒன்றிரண்டு வாரம் விடாமல் போட்டால்தான் முழுப் பயன் தெரியும். வலக்கையால் இடத் துவாரத்திலும் இடக்கையால் வலத் துவாரத்திலும் வெளிச்சுவரை நோக்கி அடித்தால், நடுத்தண்டில் பட்டு இரத்தம் கசிவதைத் தவிர்க்கலாம். தண்டு மிகவும் வளைந்திருந்தால் அறுவை சிகிச்சை சொல்வார்கள். அது பெரும்பாலும் ஆப்னியாவைத் தீர்க்காது. ஆனால் குறைந்த அழுத்தத்தில் மெஷினை நிம்மதியாகப் போட்டுக்கொள்ள உதவும். இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும்.

மூக்கு ஒழுங்கான பிறகு மாஸ்க்கோடு பழகுவது எளிதாக இருந்தது. முதலில் பகலில் உட்கார்ந்து வானொலி கேட்கும்போது மெஷினைப் போடாமல் மாஸ்க்கை மட்டும் அணிந்துகொண்டேன். பிறகு குறைந்த அழுத்தத்தில், பிறகு இரவில். மாஸ்க்கின் பட்டைகளை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு கசியாது என்று தோன்றும், உண்மை அப்படியல்ல. மாஸ்க்கின் மெத்தை காற்றில் உப்பி முகத்தில் அமர இடம் வேண்டும், படுத்த நிலையில் மெஷின் ஓடும்போதே சரிசெய்ய வேண்டும். காற்றில் மூக்கு உலர்ந்து எரிந்தால், காற்றை ஈரமாக்க மெஷினோடு இணையும் வெந்நீர்த் தொட்டியைப் பயன்படுத்தலாம். அதற்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டாம், அது மூச்சுக்காகச் செய்யப்பட்டதல்ல. மெடிக்கலில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரைத் தினமும் மாற்றி ஊற்றுங்கள். மாஸ்க் மெத்தையைக் காலையில் மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் முகத்து எண்ணெய் படிந்து நழுவாது. சளி பிடித்த நாட்களில் மாஸ்க்கோடு மூக்கின் மேல் பட்டையையும் ஒட்டிக்கொள்கிறேன். என் மெத்தை மாஸ்க் துவாரத்தடியில் அமர்வதால் இரண்டும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. மெஷினின் திரையில் காட்டும் ஏ.எச்.ஐ. எண் இப்போது பெரும்பாலும் 5க்குக் கீழே நிற்கிறது. காலைத் தலைவலி போய்விட்டது, மூன்றாவது பாடவேளை பிள்ளைகளுக்கு முழுமையாகக் கிடைக்கிறது.

வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு உறங்கும் பழக்கம் காணொளிகளால் பரவிவருகிறது. சோதனை செய்துகொள்ளாதவரும் மூக்கடைப்பு உள்ளவரும் அதைச் செய்யவே கூடாது. மூச்சுக்கு இருக்கும் மாற்று வழியை அது அடைத்துவிடும். மாஸ்க் போட்டும் வாய் திறந்து காற்று வெளியேறினால் தாடைப் பட்டை இருக்கிறது, பெரிய மாஸ்க்கும் இருக்கிறது.

மின்தடை உள்ள ஊர்களில் இருப்பவர்கள் மெஷினை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுக்கொள்ள வேண்டும். வெந்நீர்த் தொட்டிதான் அதிகம் மின்சாரம் இழுக்கும் என்பதால் அத்தகைய இரவுகளில் அதை மட்டும் நிறுத்திவிட்டால் பேட்டரி விடியும் வரை தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், உறவினர் வீட்டு விசேஷங்களில், இரவுப் பேருந்தில் என்று மெஷின் இல்லாமல் கழிக்க வேண்டிய இரவுகள் எனக்கும் வருகின்றன. அப்போது மூக்கைக் கழுவிப் பட்டையை ஒட்டிக்கொண்டு, மல்லாக்கப் படுக்காமல், தலைப்பக்கத்தை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கிறேன். அது அந்த ஓர் இரவுக்கான ஏற்பாடு மட்டுமே. மறுநாள் வெளியூருக்கு வண்டி ஓட்டும் வேலை இருந்தால், அதைக் கணவரிடமோ மகனிடமோ விட்டுவிடுகிறேன்.